கிளினிக் கொப்பி யார் கையில்?

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கத்து அரச ஆஸ்பத்திரிகளில் சிறுவர் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அந்தப் பிள்ளைகளைப் பிறகு பொறுப்பெடுக்கும் பெரியவர் கிளினிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் ஒரு தாய். என் மகனுக்கு 9 வயதில் சீனி வருத்தம் பிடித்தது. வயதானவர்களுக்கு வருகிற, குளிசையோடு சமாளிக்கிற வகை இல்லை. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடுகிற முதலாம் வகை. இப்போது அவனுக்கு 20. இடையில் போன 11 வருடத்தில் பாதிக்கு மேல் மாதாமாதம் உங்கள் கிளினிக் வாங்கில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். குறை சொல்லத்தான் எழுதுகிறேன். அந்தக் குறையில் முதல் பங்கு எனக்கு, அதையும் ஒளிக்கமாட்டேன்.

மகனுக்கு 13 வயது. மேலுதட்டில் மீசை கறுக்கத் தொடங்கியிருந்தது. டொக்டர், வருத்தமும் மருந்தும் எழுதுகிற கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். "அம்மா, பிள்ளை எப்படி? சாப்பாடு சரியா? ஊசி ஒழுங்காப் போடுறாரா?" நான் சொல்வேன், அவர் எழுதுவார். மகன் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு நிமிடம். அப்புறம் மருந்துத் துண்டு, பாமசி வரிசை, பஸ். அவனுடைய உடம்பைப் பற்றி அவனைத் தவிர எல்லோரும் பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வருவோம்.

14 வயது முடிந்ததும் ஒருநாள், "இனிப் பெரிய ஆக்கள்ட கிளினிக்" என்று சொல்லி, கொப்பியில் இங்கிலீசில் ஒரு வரி எழுதித் தந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை.

அடுத்த மாதம் போன இடத்தில் வாங்கு நிறைய அறுபது, எழுபது வயது ஆட்கள். ஒருவருக்குக் காலில் கட்டு. பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி இவனுடைய தாடையைத் தடவி, "இந்த வயசிலயா மனே சீனி? என்ன பாவம் செஞ்ச நீ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நம்பர் வந்ததும் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியவர் கிளினிக் என்றால் ஆள் தனியாகத்தானே உள்ளே போகவேண்டும். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. "என்ன இன்சுலின் போடுறீங்க? இரவைக்கு எத்தனை யூனிட்?" என்று கேட்டது. என் பிள்ளை திரும்பிக் கதவைப் பார்த்தான். என்னைத் தேடுகிறான். பிறகு, "வெள்ளையாக் கலங்கினது ஒண்டு, தண்ணி மாதிரி ஒண்டு" என்றான். டொக்டரின் மேசையில் இன்னும் நாற்பது கொப்பி இருந்தது. "நீ என்ன சின்னப்பிள்ளையா?" என்று ஏசினார்.

ஒரு நாளைக்கு நாலு ஊசி, வருடத்துக்கு 1460. ஐந்து வருடக் கணக்கில் ஏழாயிரத்துக்கு மேல். அத்தனை தடவை உடம்புக்குள் போன மருந்தின் பெயர் அவனுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வெள்ளைக் குப்பி, தெளிந்த குப்பி, எங்கள் வீட்டில் அவ்வளவுதான் பெயர். அளவை நான்தான் இழுத்தேன். அவன் தொடையைக் காட்டினான்.

அதற்குப் பிறகு கிளினிக் நாள் வந்தால் அவனுக்குத் தலையிடி வரும், டியூசன் வரும், ஏதாவது வரும். நானே கொப்பியைக் கொண்டுபோய் மருந்து எடுத்தேன். எட்டு மாதம் இப்படிப் போனது. ஆள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, கொப்பி வந்தால் போதும் என்றிருந்தது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஓ.எல் வகுப்பில் இருக்கும்போது ஒருநாள் விடிய வெள்ளாப்பில் சத்தி எடுக்கத் தொடங்கினான். சாப்பாடு பிழைத்துவிட்டது என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மத்தியானம் ஆகும்போது மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டான், வாயில் அழுகின பழ வாசம். 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்குப் போன் அடித்தோம், வந்தது. நாலு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். இன்சுலின் போதாமல் இரத்தம் அமிலமாகிவிட்டது என்றார்கள், இன்னும் பிந்தியிருந்தால் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பிறகுதான் தெரிந்தது: பள்ளிக்கூடத்தில் போடவேண்டிய மத்தியான ஊசியைப் பல மாதமாக அவன் போடவே இல்லை. மலசலகூடத்துக்குள் ஒளித்துப் போடவேண்டும், அங்கே தண்ணீர் இல்லை, பொடியன்கள் ஊசிக்காரன் என்று பட்டம் வைத்துவிட்டார்கள். ஏன்டா சொல்லவில்லை என்று அழுதேன். அவன் கோபமே இல்லாமல் சொன்னான்: "நீங்கதானே எல்லாம் பாக்குறீங்க அம்மா."

அதற்கு முந்திய ஒன்றரை வருடமும் சீனி ஏறி ஏறித்தான் இருந்தது. திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று அலுமாரியைப் பூட்டி வைத்தேன். வாட்டில் இருந்த ஒரு இளம் டொக்டர்தான் விளக்கினார்: பருவம் வரும்போது உடம்பில் ஊறுகிற ஹோர்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் மறிக்கும், பழைய அளவு போதாது, வளர்கிற பிள்ளைக்கு அடிக்கடி கூட்டவேண்டிவரும். அதை அவர் எனக்குச் சொல்லவில்லை. கட்டில் நுனியில் இருந்து மகனுக்குச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆறு வருடத்தில் ஒரு டொக்டர் அவனுக்கே நேராக விளங்கப்படுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு வருடமாக என்னிடம் கள்ளன் என்று ஏச்சு வாங்கிய பிள்ளை, அதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத வேண்டாம்.

சரி, நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. பிள்ளைக்கு 11, 12 வயது ஆனதும் முதல் கேள்வியைப் பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வர நேரம் எடுக்கும். இடையில் தாய் விழுந்து பதில் சொல்வாள், நானும் சொல்லியிருப்பேன். "கொஞ்சம் பொறுங்க அம்மா" என்று எங்களை அடக்குங்கள், நாங்கள் கோவிக்கமாட்டோம்.

நேரம் எங்கே என்பீர்கள். ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 12 வயதில் இருந்து 18 வரை மாதம் ஒரு கிளினிக் என்றால் 72 தடவை. ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கினால் மொத்தம் 144 நிமிடம், ஆறு வருடத்துக்கு இரண்டரை மணித்தியாலம்கூட வராது. தனியாகப் பேச அறை எங்கே என்பீர்கள். ஒரே அறையில் இரண்டு மேசை, முதுகுக்குப் பின்னால் அடுத்த நம்பர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும், அதுவும் தெரியும். அறை தேவையில்லை. துண்டைத் தாயின் கையில் கொடுத்து, "நீங்க போய் பாமசி வரிசையில நில்லுங்க, இவர் பிறகு வருவார்" என்று அனுப்பிவிடுங்கள். வரிசை நீளம் என்பதால் ஒருத்தியும் மறுக்கமாட்டாள். எங்கள் ஆஸ்பத்திரிகளில் வரிசையால் வரக்கூடிய ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு தடவை மருந்தின் பெயர். கம்பெனி வைத்த பெயர் இல்லை, மருந்தின் சொந்தப் பெயர். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது துண்டோடு வெளிப் பாமசிகளுக்கு அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பழைய பெட்டியைக் காட்டி இதுதான் வேண்டும் என்று நின்றேன். அதே மருந்து வேறு பெயரில் தட்டிலேயே இருந்திருக்கிறது. இன்னொரு தடவை, ஒருநாள் தவறவிட்டால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். இன்னொரு தடவை, சீனி 70க்குக் கீழே இறங்கினால் முதலில் என்ன. மூன்று தேக்கரண்டி சீனி, 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்ப்பது. நீங்கள் சொல்லிவிட்டுத் தலையாட்ட வைக்காமல், அவனையே திருப்பிச் சொல்ல வையுங்கள். தலையாட்டுவதில் எங்கள் பிள்ளைகளை மிஞ்ச ஆள் இல்லை.

இது சீனி வருத்தத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை. வாத இதய நோய்க்கு மூன்று அல்லது நாலு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பல வருடம் விடாமல் போடவேண்டியது. எங்கள் பக்கத்துப் பொடியன்கள் 17, 18 வயதில் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள், கொஞ்சம் போனால் கட்டார். தாய் ஞாபகப்படுத்திப் போட்ட ஊசியை அங்கே யார் ஞாபகப்படுத்துவது? காய்ச்சல் இல்லை, மூட்டு நோவு இல்லை, ஆள் திடகாத்திரமாக இருக்கிறான், பிறகு ஏன் ஊசி என்றுதான் அவன் நினைப்பான். ஏன் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லையே.

வலிப்புக்கு மருந்து எடுக்கிற பெண்பிள்ளைகளின் விசயம் இன்னும் சிக்கல். வெளியில் தெரிந்தால் கலியாணம் குழம்பும் என்று தாய்மார் மூடி மறைப்பார்கள். ஆனால் சோடியம் வல்ப்ரோயேட் எடுக்கிற பெண் கர்ப்பமானால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் குறைபாடு வரும் ஆபத்து உண்டு. அதற்காகத் தானே நினைத்து மருந்தை நிறுத்தவும் கூடாது, வலிப்பு கூடிவிடும். முன்கூட்டியே டொக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. அந்தப் பேச்சை 16 வயதுப் பிள்ளையோடு யார் பேசுவது? தாய் பேசமாட்டாள். தாய் முன்னால் பிள்ளையும் வாய் திறக்காது.

இந்த நாட்டில் 15 வயதானால் பிள்ளை அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கையெழுத்து வைக்கிற அளவுக்கு ஆளாகிவிட்டான் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. அதே பிள்ளையின் கிளினிக் கொப்பி இன்னும் அம்மாவின் ஹாண்ட்பேக்குக்குள் கிடக்கிறது. உலகத்தில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவன் லெனாட் தொம்சன், 1922 ஜனவரியில், கனடாவின் டொரொன்டோ ஆஸ்பத்திரியில். அவனுக்கும் வயது 14தான். மகன் எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொன்னான். அந்தத் தொம்சனிடம் யாராவது பேசியிருப்பார்களா, இல்லை அங்கேயும் அம்மாவிடம்தான் கேட்டார்களா என்று சிரித்தான்.

இனி நல்லது ஒன்றையும் சொல்லவேண்டும்.

17 வயதில் அவன் கதிர்காமத்துக்கு நடந்து போகப் போகிறேன் என்று நின்றான். கூட்டாளிகள் எல்லோரும் ஆடித் திருவிழாவுக்கு வெளிக்கிட்டிருந்தார்கள். உகந்தை முருகன் கோயிலில் இருந்து குமணை, யால காட்டுக்குள்ளால் நாலைந்து நாள் நடை. கரண்ட் இல்லை, பிரிட்ஜ் இல்லை, ஆனை இருக்கிறது. முடியவே முடியாது என்றேன். அவன் அடுத்த கிளினிக்கில் தாதியிடம் போய்க் கேட்டுவிட்டான். அவர் தெற்கில் இருந்து மாற்றலாகி வந்த சிங்களப் பெண்மணி, தமிழ் தட்டித் தட்டித்தான் வரும். நான் வாயைத் திறக்க முதல், "அம்மா வெளிய போய் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார். குடித்துவிட்டு வந்து கதவடியில் நின்றேன். கேட்காமல் இருக்க முடியுமா?

அவர் கேட்டார், அவன் சொன்னான். இன்சுலினை எதில் கொண்டுபோவாய்? பொலித்தீன் பையில் சுற்றி, ஈரத்துணி சுற்றிய சின்ன மண்முட்டிக்குள். ஐஸ் வைத்தால்? உறைந்துபோகும், உறைந்தால் பிறகு உதவாது. நாள் முழுக்க நடந்தால் சீனி என்ன ஆகும்? இறங்கும். அப்போ அளவு? அதை டொக்டரிடம் கேட்டுக் குறைக்கவேண்டும். குப்பி உடைந்தால்? இதற்கு அவனிடம் பதில் இல்லை. சத்தி எடுத்தால் ஊசியை நிறுத்தலாமா? நிறுத்தலாம் என்றான். நானே வாசலில் தலையில் அடித்துக்கொண்டேன். "பெயில். அடுத்த மாசம் வா" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு மாதம் அவன் படித்த மாதிரி ஓ.எல்லுக்குக்கூடப் படிக்கவில்லை. அடுத்த முறை போனபோது எல்லாம் இரண்டு செட், ஒன்று தன் பையில், மற்றது கூட்டாளியின் பையில் என்றான். சத்தி எடுத்தாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது, காட்டைவிட்டு வெளியே வர வழி பார்க்கவேண்டும் என்றான். வெறுங்காலோடு நடப்பது நேர்த்தி என்று அவன் பிடிவாதம் பிடித்ததற்கு அவர் மசியவில்லை. சீனி வருத்தக்காரனுக்குக் கால்தான் முக்கியம், சப்பாத்து இல்லாவிட்டால் பயணம் இல்லை. முருகன் கோவிக்கமாட்டார் என்று நான் வெளியில் இருந்தே சொன்னேன். கடைசியில் இரண்டு வசனம் சிங்களத்தில் பாடமாக்கிக் கொடுத்தார். "மட்ட தியவெடியாவ தியெனவா", எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. "சீனி தென்ன", சீனி தாருங்கள். சீனிக்கு அவர்களும் சீனி என்றுதான் சொல்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

போனான், வந்தான். இரண்டாம் நாள் கும்புக்கன் ஓயாவுக்குக் கிட்ட 58க்கு இறங்கிக் கை நடுங்கியிருக்கிறது. தானாகவே உட்கார்ந்து குளுக்கோசைத் தின்று, 15 நிமிடம் பொறுத்துத் திரும்பக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினானாம். அவன் சொல்லவில்லை, கூட்டாளி சொன்னான். இப்போது அவன் வீட்டில் இருந்து ஆறு மணித்தியாலப் பஸ் தூரத்தில் கம்பஸில் இருக்கிறான். அங்கத்தைய கிளினிக்கில் எல்லாம் சிங்களம். தன் கொப்பியைத் தானே கொண்டுபோகிறான். மாரிக்கு முன் இரண்டு கிழமை மருந்து கூடுதலாக எடுத்து வைத்தீர்களா என்று இப்போது எனக்குப் போன் எடுத்துக் கேட்கிறான், எனக்கும் இந்த வயதில் பிரஷர் வந்துவிட்டது. வெள்ளம் வந்தால் எங்கள் கரை துண்டாகிவிடும் என்பதை அவன் மறக்கவில்லை.

அந்தத் தாதிக்கு எடுத்தது மிஞ்சிப்போனால் இருபது நிமிடம். அதைச் செய்யச் சொல்லி அவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் வந்திருக்காது. என் கவலையே அதுதான். அவருக்கு மாற்றல் வந்தால் அவரோடு அதுவும் போய்விடும்.

பெரியவர் கிளினிக்குக்கு மாற்றும்போது ஒரு வரி போதாது. அரைப் பக்கமாவது எழுதுங்கள், தமிழிலும் ஒரு பிரதி பிள்ளையின் கையில் கொடுங்கள். முடிந்தால் மாற்றுவதற்கு ஒரு மாதம் முந்தி அந்தப் பக்கத்துத் தாதியைக் கூப்பிட்டு முகத்தையாவது காட்டுங்கள், இரண்டு கட்டிடத்துக்கும் நடுவில் ஒரு நடைபாதைதானே இருக்கிறது. பெரியவர் கிளினிக்காரர்களே, நீங்கள் 20 வயதுக்குக் குறைந்தவர்களை எல்லாம் மாதத்தில் ஒரே நாளுக்கு எடுங்கள். கால் கழற்றிய ஐயாவுக்குப் பக்கத்தில் தனியே இருந்து பயப்படுவதைவிட, தன் வயதுக்காரன் ஒருவன் அதே ஊசியோடு இருப்பதைப் பார்த்தால் அவன் அடுத்த மாதமும் வருவான். எட்டு மாதமாகக் கொப்பி மட்டும் வந்தால், ஆள் எங்கே என்று கேளுங்கள்.

எம்.ஓ.எச் எனும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கும் ஒரு வார்த்தை. ஏழாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளின் உயரம், நிறை, பல், கண் எல்லாம் பார்க்கிறீர்கள். அன்றைக்கு கிளினிக் போகிற பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் மருந்து போட எங்கே இடம், யாருக்குத் தெரியும் என்று கேட்டு, அதிபரிடம் ஒரு மேசையும் ஒரு திரையும் வாங்கிக் கொடுங்கள். என் பிள்ளைக்கு அந்தத் திரை இருந்திருந்தால் நாலு நாள் வாட்டில் கிடந்திருக்கமாட்டான்.

எழுதத் தூண்டியது என் மகன் இல்லை. அடுத்த வளவில் ஒரு பிள்ளை, 12 வயது. தாய் குவைத்துக்குப் போய் நாலு வருடம். பாட்டி, எங்கள் பேச்சில் பெத்தா, அவர்தான் வளர்க்கிறார், அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பிள்ளைக்குத் தொய்வு, ஆஸ்மா என்பார்களே, அது. நீலப் பம்ப் முட்டு வந்தால், மண்ணிறப் பம்ப் முட்டு வராமல் இருக்க ஒவ்வொரு நாளும் என்று அவளுக்குச் சரியாகத் தெரியும். பம்பில் எத்தனை மிச்சம் என்று காட்டுகிற இலக்கம் இல்லை. அதனால் பெட்டியின் உள்மூடியில் பென்சிலால் கோடு போடுகிறாள், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. 200 ஆனதும் பெத்தாவிடம் சொல்வாள். அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானே கண்டுபிடித்தது. ஆனால் மண்ணிறப் பம்ப் இழுத்தபிறகு வாயைக் கொப்பளிக்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. போன மாதம் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. கிளினிக்கில் சொன்னாயா என்று கேட்டேன். "அவங்க பெத்தாட்டத்தானே கேட்ட" என்றாள்.

வருகிற புதன்கிழமை அவளுக்குக் கிளினிக். பெத்தா கூட வருவார், கண் மங்கல், வாசல் பக்கத்து வாங்கில்தான் இருப்பார். கொப்பி பிள்ளையின் கையில் இருக்கும், பெட்டியையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடுகளைக் கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையில் இருந்து ஒரு தாய்